போதை வராத எண்ணெயும் பிராந்தி பாட்டிலும்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கிட்டு பஸ் ஏறி, கனகசெட்டிக்குளத்துல இருக்கற எங்க அக்கா வீட்ல குடுத்துட்டு வரணும்.

அவ்வளவுதான். ஒரு குழந்தையை அனுப்பியிருந்தா ஒழுங்கா முடிச்சுட்டு வந்திருக்கும். போனது நான்.

இந்தப் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு என்னைப் பத்தி ஒரு வார்த்தை. பாண்டிச்சேரி டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டர்ல கல்லாவுல உக்காந்திருக்கேன். கரண்ட் இருக்கற வரைக்கும் எனக்கு இன்டர்நெட் ஓசி. ஓசியில கிடைக்குதேன்னு எல்லாத்தையும் படிப்பேன். படிச்சதை எனக்குள்ளயே வெச்சுக்கற நல்ல பழக்கம் கிடையாது. பாஸ்போர்ட் விஷயமா பிரிண்ட் எடுக்க வந்த ஒரு பெரியவரை உக்கார வெச்சு, அவரோட சுகருக்கு நான் வைத்தியம் சொல்லி அனுப்பினேன். அதுக்கப்புறம் அவர் எதிர்ல இருக்கற கடைக்குப் போயிட்டார்.

எங்க அக்கா பேரு அஞ்சலை. மீன் விக்குது. விடியறதுக்கு முன்னாடி கூடையைத் தூக்கிக்கிட்டு டவுனுக்கு வந்து, பெரிய மார்க்கெட்டுல மீன்காரங்க வரிசையில உக்காரும். அந்த எடத்துல எங்க அம்மா உக்காந்தாங்க, அப்புறம் அக்கா. எடத்துக்குப் பட்டா எல்லாம் கிடையாது. தினம் போய் உக்கார்றதுதான் பட்டா. கொஞ்ச நாள் ஆளைக் காணோம்னா பக்கத்துல இருக்கறவங்க தார்ப்பாயை மெதுவா நகத்துவாங்க. இன்னும் கொஞ்ச நாள் காணோம்னா எடமே போயிடும்.

இப்ப அக்காவுக்கு முட்டி வலி. குத்துக்கால் போட்டு உக்கார முடியல, உக்காந்தா எழுந்திருக்க முடியல. ராத்திரி தூக்கமில்ல. மார்க்கெட் பக்கம் வந்து நாளாச்சு. பக்கத்து எடத்து மங்கா ஏற்கெனவே தன்னோட சங்கரா மீன் கூடையை அக்கா எடத்துல வெக்க ஆரம்பிச்சுடுச்சுன்னு தகவல் வந்துச்சு.

அக்கா ஒழுங்காத்தான் யோசிச்சுது. "கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வந்துடறேன்டா, குமாரு. காலையில வந்து கூட்டிக்கிட்டுப் போறியா?"

நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன். "அக்கா, அங்க போயி வரிசையில நின்னா இருக்கற முட்டியும் போயிடும். நான் ஒண்ணு படிச்சு வெச்சிருக்கேன், பொறு."

நான் படிச்சது இதுதான். கஞ்சாச் செடியில பல சரக்கு இருக்காம். ஒண்ணு போதை ஏத்தறது. அது எல்லாருக்கும் தெரியும், சிலருக்கு நல்லாவே தெரியும். இன்னொண்ணு கன்னாபிடியால்னு பேரு. அது போதை தராதாம். ஆனா வலியைக் குறைக்கலாம், வீக்கத்தை வத்த வைக்கலாம், படபடப்பைத் தணிக்கலாம், தூக்கம் வர உதவலாம், வலிப்பு நோய்க்குக் கூடப் பயன்படலாம்னு எழுதியிருந்தாங்க. முட்டி வலிக்கு இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, எலிங்களுக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, மனுஷங்கள்ல உறுதியா சொல்றதுக்கு நாளாகும்னும் எழுதியிருந்தாங்க.

அக்காகிட்ட சொல்லும்போது அத்தனை "லாம்"மையும் நான் இறக்கி வெச்சுட்டேன். "தேய்ச்சா வலி போயிடும்"னு சொன்னேன்.

"யாருக்குடா போச்சு?"

"எலிக்கு."

அக்கா முட்டியை நீவி விட்டுக்கிச்சு. அப்புறம், "ஏன்டா, அந்த எலி கூடை சுமக்குதா?"ன்னுச்சு.

"விஞ்ஞானம்கா!"

"செரி, கொண்டா. நீ சொன்னா கேட்டுக்கறேன். ஆனா ஞாயித்துக்கிழமை நான் மார்க்கெட்டுல உக்காரணும்டா. அன்னிக்கும் போகலன்னா மங்கா அங்கயே குடித்தனம் வந்துடுவா."

என்னை நம்புனது இந்த உலகத்துல எங்க அக்கா ஒண்ணுதான்.

எண்ணெய்க்கு நான் முன்னாடியே ஏற்பாடு பண்ணியிருந்தேன். எங்க வீட்டு ஓனர் இருக்கார். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். பேரெல்லாம் யாருக்கும் ஞாபகமில்ல, தெருவே அவரை பிரெஞ்சு மரியாதையில முசியேன்னுதான் கூப்பிடும். வருஷா வருஷம் பாரீஸ்ல இருக்கற மகன் வீட்டுக்குப் போயிட்டு வருவார். இந்த வாட்டி கிளம்பும்போதே சொல்லி வெச்சிருந்தேன். "முசியே, அங்க கஞ்சாச் செடி எண்ணெய் கடையிலயே விக்கறாங்களாமே, போதை வராதது. ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"விக்கறான், விக்கறான். என் மருமவ வீட்லயே வெச்சிருக்கா"ன்னார்.

அந்த வாரம்தான் ஊர் திரும்பினவர், சொன்னபடி கொண்டாந்து குடுத்தார். பச்சை நெறத்துல அழகான பாட்டில். மேல முழுக்க பிரெஞ்சு. நடுவுல கஞ்சா இலை படம். எனக்கு பிரெஞ்சுல நன்றின்னு சொல்ற "மெர்சி"யைத் தவிர ஒரு எழுத்து தெரியாது. ஆனா அந்த இலை தெரியும்.

"செ போன், குமார். உடம்புக்கு ரொம்ப நல்லது"ன்னு ஆரம்பிச்சார் முசியே. "இதை எப்படி உபயோகப்படுத்தணும்னா..."

"தெரியும் முசியே! எல்லாம் படிச்சுட்டேன்."

"இல்லப்பா, இதுல ஒரு விஷயம்..."

"மெர்சி முசியே, மெர்சி!"

பாட்டிலைப் புடுங்காத குறையா வாங்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன். மனுஷன் வாயைத் திறந்தபடியே நின்னது இன்னும் கண்ணுல இருக்கு.

வீட்டுக்கு வந்து பாத்தா பாட்டில் மூடி வழியுது. ப்ளேன்ல வந்தப்பவே லூசாகியிருக்கு. என் மனைவி செல்வி அந்த இலையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

"இந்தப் படத்தோட பஸ்ல போறீங்களா? நல்லா போங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

நியாயமாத்தான் பட்டுச்சு. அதனால வேற பாட்டிலுக்கு மாத்தறதுன்னு முடிவு பண்ணேன்.

மக்களே, இங்கதான் எனக்குச் சனி பிடிச்சுது.

எங்க ஊர்ல வேற பாட்டில்னா என்ன பாட்டில்? காலி குவார்ட்டர் பாட்டில்தான். குடிக்கறவன் இல்லாத வீடு கூட உண்டு, காலி குவார்ட்டர் பாட்டில் இல்லாத வீடு கிடையாது. எங்க சமையல்கட்டுல நல்லெண்ணெய் அதுலதான். பினாயில் அதுலதான். சாமி மாடத்துல விளக்கெண்ணெயும் அதுலதான், குங்குமப்பொட்டு வெச்சு. எங்களுக்கு அது வெறும் பாத்திரம். யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.

அப்படி ஒரு பிராந்தி பாட்டிலைக் கழுவி, தொடச்சு, எண்ணெயை அதுல ஊத்தினேன். பழுப்பும் பச்சையுமா நிறம் அம்சமா இருந்துச்சு. லேபிளைக் கிழிக்கத் தோணல. யாரு கிழிப்பா? காலியான பிரெஞ்சு பாட்டிலையும் பையிலயே போட்டுக்கிட்டேன். அசல் சரக்குதான்னு அக்காவுக்குக் காட்டணும்ல!

வெளியூர்க்காரங்களுக்கு இங்க கொஞ்சம் பூகோளம் சொல்லணும். எங்க பாண்டிச்சேரி ஒரே துண்டா இருக்காது. டவுன்ல இருந்து வடக்கே போனா சட்டுனு தமிழ்நாடு வந்துடும். கொஞ்ச தூரம் போனா பிள்ளைச்சாவடி, அங்க மறுபடியும் பாண்டிச்சேரி. கனகசெட்டிக்குளமும் பாண்டிச்சேரிதான். நான் ஏறறதும் எங்க ஊரு, இறங்கறதும் எங்க ஊரு. நடுவுல அடுத்தவன் ஊரு. அந்த நடுவுல எங்க ஊரு பிராந்தி, விஸ்கி சரக்கைக் கொண்டு போனா குத்தம். இதைப் பொறந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கற நான், அன்னிக்குன்னு பாத்து மறந்துட்டேன்.

மரக்காணம் போற பஸ்ல ஜன்னலோரம் சீட்டு கிடைச்சுது. பக்கத்துல ஒரு பெரியவர். விபூதி, வெள்ளை வேட்டி, மடியில ஒரு பெரிய டிபன் கேரியர். பஸ் குலுங்கும்போதெல்லாம் அந்த டிபன் கேரியர்ல இருந்து கண்ணாடியும் கண்ணாடியும் இடிச்சுக்கற சத்தம் வந்துச்சு. "சாப்பாடா?"ன்னு கேட்டேன். "ரசம்"னார்.

வழியில ஒரு செக்போஸ்ட்டுல பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாங்க. ஏறினவர் ஒரு ஏட்டய்யா. நல்ல தொப்பை, நல்ல மீசை. ஒவ்வொரு படிக்கும் முட்டியில கையை ஊன்றி, "முருகா"ன்னு சொல்லிக்கிட்டே ஏறினார்.

பஸ்ல இருந்த பாதிப்பேர் மூஞ்சியும் கோயில் வாசல்ல நிக்கற மாதிரி மாறிச்சு. அதுதான் பழக்கம். செக்கிங் வந்தா வேடிக்கை பாக்காம, வியர்க்காம, வாயைத் திறக்காம உக்காந்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? பையை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன்.

ஏட்டய்யா நேரா என்கிட்ட வந்தார். "பையில என்னப்பா?"

"எண்ணெய் சார்."

பையைத் திறந்தார். பிராந்தி பாட்டில் தலையை நீட்டுச்சு.

"இதான் எண்ணெயா? நாங்களும் ராத்திரி இதான் தேய்ச்சுக்கறோம். எறங்கு, எறங்கு."

"சார், நான் பாண்டிச்சேரியில ஏறி பாண்டிச்சேரியில எறங்கறேன் சார்!"

"நடுவுல நாங்க இருக்கோம்ல?"

அப்ப நான் வாயை மூடிக்கிட்டு மூடியைத் திறந்து காட்டியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். மோந்து பாத்துட்டு, "அட, நெசமாவே எண்ணெய்தான்"னு விட்டிருப்பார். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு வந்த ஆவேசத்துல எழுந்து நின்னு, பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொன்னேன்.

"சார், தப்பா நெனைக்காதீங்க! இது சாராயம் இல்ல சார், கஞ்சா எண்ணெய்!"

பஸ் அப்படியே அடங்கிப் போச்சு. பின் சீட்ல அழுதுக்கிட்டு இருந்த குழந்தை கூட அழுகையை நிறுத்திடுச்சு.

"ஆனா போதை வராது சார்"னு சேத்துக்கிட்டேன். அதை யாரும் காதுல வாங்கல. நான் அதோட விட்டேனா? ஆதாரம் காட்டறேன்னு அந்தப் பிரெஞ்சு பாட்டிலை எடுத்து, இலை படம் தெரியற மாதிரி தூக்கிப் பிடிச்சேன். சாமி ஊர்வலத்துல தீவட்டி புடிக்கறவன் கூட அவ்வளவு தூக்கிப் பிடிக்க மாட்டான்.

பக்கத்துல இருந்த டிபன் கேரியர் பெரியவர் கன்னத்துல போட்டுக்கிட்டார். "படிச்ச புள்ளை மாதிரி இருக்கான். காலம் எப்படிக் கெட்டுப் போச்சு பாருங்க சார்"னு ஏட்டய்யாகிட்ட சொன்னார். சொல்லும்போதே மடியில ரசம் கிணுங்குச்சு.

ஏட்டய்யாவுக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. பெரிய மீன் வலையில விழுந்தா நெத்திலியை யாரு பாப்பா? என்னை எறக்கிட்டு, "போலாம் ரைட்"டுன்னு அவரே குரல் குடுத்தார். ரசத்தோட பஸ் போயிடுச்சு.

செக்போஸ்ட்டுன்னா ஒரு கூரை, ஒரு பெஞ்சு, ஒரு மேஜை. அங்க ஒல்லியா இன்னொரு போலீஸ்காரர் உக்காந்திருந்தார். எதிர்ல ஒரு டீக்கடை. கடைக்காரர் அடுப்பைக் குறைச்சு வெச்சுட்டு வேடிக்கை பாக்க வந்துட்டார்.

ஏட்டய்யா ரெண்டு பாட்டிலையும் மேஜையில வெச்சு, ரொம்ப நேரம் பாத்தார்.

"தம்பி, நெசமாச் சொல்லு. கஞ்சாங்கற. போதை வராதுங்கற. போதை வராதுன்னா அது எதுக்குய்யா கஞ்சா?"

எனக்குக் கேள்வி கேட்டா ரொம்பப் பிடிக்கும். பெஞ்சுல நிமிர்ந்து உக்காந்து, வலி, வீக்கம், படபடப்பு, தூக்கம், வலிப்புன்னு முழு பாடமும் எடுத்தேன். எலியையும் விடல. ஒல்லி போலீஸ் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தார். கடைசியில என்னைப் பாத்து, "இவ்ளோ வெவரம் தெரிஞ்சவன் சும்மா கொண்டு போறவனா இருக்க மாட்டான் ஏட்டய்யா. இவன்தான் தலைவன்"னார்.

அப்புறம் அவங்களுக்குள்ள ஒரு சட்டச் சிக்கல்.

"சாராயக் கேஸ் போடலாம்"னார் ஒல்லி போலீஸ்.

"அந்த பாட்டில்ல சாராயம் எங்கய்யா இருக்கு?"

"அப்ப கஞ்சா கேஸ்."

"இலை போட்ட பாட்டில்ல சாமான் இல்ல. சாமான் இருக்கற பாட்டில்ல பிராந்தி படம் போட்டிருக்கு. மேல இருக்கறவங்க கேட்டா என்னன்னுயா சொல்றது? நம்மளத்தான் குடிச்சுட்டு வேலை பாக்கறோம்பாங்க."

ஏட்டய்யா எஸ்.ஐ.க்கு போன் போட்டார். எஸ்.ஐ. ஏதோ கோயில் திருவிழா பந்தோபஸ்துல இருந்தார். போன்ல மேளச் சத்தம்தான் கேட்டுச்சு. ஏட்டய்யா, "போதை வராத கஞ்சாங்கய்யா! ஆமாங்கய்யா! வராதாங்கய்யா!"ன்னு கத்தினார். அந்தப் பக்கம் இருந்து வந்த பதில் எனக்கும் கேட்டுச்சு. அதை இங்க எழுத முடியாது.

போனை வெச்சுட்டு ஏட்டய்யா ஒரு முடிவுக்கு வந்தார். "நீயே குடி."

"சார்?"

"குடிச்சுக் காட்டு. போதை ஏறுச்சுன்னா கேஸ். ஏறலன்னா வீட்டுக்குப் போ. சுலபமா இல்ல?"

"சார், இது தேய்ச்சுக்கறது..."

"போதை வராதுன்னு நீதான சொன்ன?"

என் வார்த்தையை வெச்சே என்னை மடக்கிட்டார். டீக்கடைக்காரர் ஓடிப்போயி ஒரு கிளாஸ் கொண்டாந்தார், கழுவிட்டே கொண்டாந்தார். பாதி கிளாஸ் ஊத்தினாங்க. கண்ணை மூடிக்கிட்டு விட்டேன். பச்சைப் புல்லை வேர்க்கடலையோட சேத்து அரைச்ச மாதிரி ஒரு ருசி. காலையில இருந்து வெறும் வயிறு வேற.

அப்புறம் மூணு பேரும் எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்தாங்க. பொண்ணு பாக்கப் போனப்ப பொண்ணு வீட்டுக்காரங்க கூட என்னை அப்படிப் பாத்ததில்ல.

"சிரிப்பு வருதா?"ன்னார் ஏட்டய்யா.

"அழுகைதான் சார் வருது."

"எழுந்து நேரா நட."

நடந்தேன். பயத்துல கால் பின்னிக்குச்சு. "ஏறுது, ஏறுது"ன்னார் ஒல்லி போலீஸ் சந்தோஷமா.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

எனக்கு ஏழாம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துலயே வராது. நடுவுல நின்னுட்டேன். "ஏறிடுச்சு!"ன்னார் ஒல்லி போலீஸ். நல்லவேளை, டீக்கடைக்காரர் குறுக்க வந்து, "எட்டேழு எவ்ளோன்னு நீங்க சொல்லுங்க சார்"னு கேட்டார். போலீஸ்காரர் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டார். வாய்ப்பாட்டை அதோட விட்டுட்டாங்க.

நேரமாச்சு. போதை வரல. வேற ஒண்ணு வந்துச்சு.

வயித்துக்குள்ள ஒரு உருட்டல். அப்புறம் இன்னொரு உருட்டல். "சார், அவசரமா போகணும்"னு எழுந்தேன். "தப்பிக்கப் பாக்கறான்!"னு ஒல்லி போலீஸ் சட்டையைப் புடிச்சுக்கிட்டார். என் மூஞ்சி போன போக்கைப் பாத்துட்டு ஏட்டய்யாதான், "விடுய்யா, விடுய்யா, அது வேற கேஸ்"னார். டீக்கடைக்குப் பின்னாடி இருந்த கழிப்பிடத்துக்குப் போலீஸ் பாதுகாப்போட போயிட்டு வந்தேன். மந்திரிங்களுக்குக் கூட அந்த எடம் வரைக்கும் பாதுகாப்பு குடுப்பாங்களான்னு தெரியல.

திரும்பி வந்தா ஏட்டய்யா, "உனக்குன்னு யார் வந்து சொல்லுவாங்க? வீட்டு நம்பர் குடு"ன்னார். செல்விக்கு போன் போனா அது நேரா அம்மா வீட்டுக்குப் போயிடும். அக்கா நம்பரைக் குடுத்தேன்.

அக்கா குரல் போனுக்கு வெளியவே கேட்டுச்சு. கடற்கரையில ஏலத்துல நிக்கற குரல். "கஞ்சாவா? எந்தம்பியா? பீடிப் புகை பட்டாலே வாந்தி எடுக்கற பயல் சார் அவன்! இருங்க, வரேன்."

ஏட்டய்யா என்னைக் கொஞ்சம் ஏமாத்தமா பாத்தார். தலைவன் பட்டம் அங்கயே போயிடுச்சு.

போனை வெச்சுட்டு பெஞ்சுல உக்காரும்போது அவர் மறுபடியும் "முருகா"ன்னார். முட்டியைத் தடவிக்கிட்டார். பாட்டிலைப் பாத்தார். ரோட்டைப் பாத்தார்.

"ஏன் தம்பி, முட்டிக்கு நல்லதுன்னா சொன்ன?"

இப்பவாவது நான் வாயை மூடியிருக்கணும். "ரொம்ப நல்லது சார்!"

பேன்ட்டை முட்டிக்கு மேல சுருட்டினார். உள்ளங்கையில ஊத்தி, சூடு பறக்கத் தேய்ச்சார். "நின்னு நின்னு தேஞ்சு போச்சு தம்பி. வெயில்ல நிக்கறது யாரு? நான். போன்ல திட்டு வாங்கறது யாரு? நான்." அவர் சொல்றதைக் கேக்கவே பாவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒல்லி போலீஸ் தன்னோட கழுத்துக்குக் கேட்டார். டீக்கடைக்காரருக்குத் தோள்பட்டை, டீ ஆத்தி ஆத்தி. ஆளுக்கு ரெண்டு மூணு கை ஊத்தி, மூணு பேரும் மினுமினுன்னு உக்காந்திருந்தாங்க. நான் பக்கத்துலயே நின்னு, "வட்டமா தேய்க்கணும் சார், மேல இருந்து கீழ"ன்னு வழி சொல்லிக்கிட்டு இருந்தேன். எதுக்கு வந்தோம், யாருக்குக் கொண்டு போறோம்னு ஒரு நெனைப்பு வேணாம்?

ஷேர் ஆட்டோ ஒண்ணு வந்து நின்னுச்சு. அக்கா எறங்குச்சு.

எறங்குச்சுன்னு சுலபமா எழுதிட்டேன். கம்பியைப் புடிச்சு, ஒரு காலை வெச்சு, பல்லைக் கடிச்சு, இன்னொரு காலை ரெண்டு கையாலயும் தூக்கி எடுத்து வெச்சுது. வலிக்கு மருந்து கொண்டு போறேன்னு கிளம்பினவன், அந்த வலியோடயே அக்காவை ரோட்டுக்கு இழுத்துட்டு வந்திருக்கேன்.

நேரா மேஜைக்கு வந்துச்சு. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்துச்சு. அடியில ஒட்டிக்கிட்டு இருந்தது ஒரு விரல் அளவு.

"இதான் எனக்குக் கொண்டாந்ததா?"

அக்கா கண்ணு ஏட்டய்யாவோட முட்டிக்குப் போச்சு. அது வெயில்ல பளபளன்னு இருந்துச்சு. அவர் அவசரமா பேன்ட்டை எறக்கினார், அது எண்ணெயில ஒட்டிக்கிட்டு எறங்கல.

"சார், எந்தம்பி மேல என்ன கேஸு?"

"அது... கஞ்சா எண்ணெய் வெச்சிருந்தான்மா."

"எண்ணெய் எங்க சார்?"

ஏட்டய்யா ஒல்லி போலீஸைப் பாத்தார். ஒல்லி போலீஸ் கழுத்தைத் திருப்பி டீக்கடைக்காரரைப் பாத்தார். டீக்கடைக்காரர், "பால் பொங்குது"ன்னு போயிட்டார்.

"அவன்கிட்ட எண்ணெய் இருந்தா குத்தம்னா, உங்க முட்டியில இருந்தா அது இன்னா சார்?"

கடைசியில ஏட்டய்யா தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "கூட்டிக்கிட்டுப் போம்மா. இனிமே இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் வேணாம்னு சொல்லி வை"ன்னார். டீ வாங்கிக் குடுத்து அனுப்பினார். அக்காவுக்கு மட்டும்.

ஆட்டோவுக்குக் காத்துக்கிட்டு நிக்கும்போது முசியேவுக்கு போன் போட்டேன். "முசியே, அந்த எண்ணெய் இன்னொரு பாட்டில் கிடைக்குமா?"

"ஏம்ப்பா, அதுக்குள்ளயா சலாத் சாப்பிட்டு முடிச்சீங்க?"

"சலாத்தா?"

"தக்காளி, வெள்ளரிக்காய் நறுக்கி மேல ஊத்தறதுப்பா அது. என் மருமவ தினம் ஊத்துவா. அது கஞ்சா விதையில ஆட்டற எண்ணெய். நீ சொன்ன மருந்து சமாச்சாரம் பூவுலயும் இலையிலயும்தான் இருக்குமாம். விதையில இருக்காதுன்னு என் மகன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். நீ மெர்சி சொல்லிட்டு ஓடிட்ட."

போனை வெச்சேன். அக்காகிட்ட சொன்னேன். திட்டும்னு பாத்தேன், திட்டல. "அந்த ஒரு விரல் எண்ணெய் இருக்கு பாரு, அதுல ராத்திரிக்கு ரெண்டு மத்தி வறுத்துடலாம்"னு மட்டும் சொல்லுச்சு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில நானே போயி அக்காவைக் கோரிமேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வரிசையில நின்னது நான். அக்காவை பெஞ்சுல உக்கார வெச்சேன். டாக்டர் எக்ஸ்ரே பாத்தார், மாத்திரை குடுத்தார், காலை நீட்டி மடக்கற பயிற்சி சொல்லிக் குடுத்தார். "குத்துக்கால் போட்டு உக்காரக் கூடாதும்மா. ஸ்டூல் போட்டு உக்காருங்க"ன்னார்.

"மீன்காரி ஸ்டூல் போட்டு உக்காந்தா ஊரு சிரிக்கும் சார்."

"ஊரோட சேந்து உங்க முட்டியும் சிரிக்குமேம்மா"ன்னார் டாக்டர்.

ஞாயித்துக்கிழமை ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை நான் தூக்கிக்கிட்டு அக்காவோட மார்க்கெட்டுக்குப் போனேன். அக்கா எடத்துல மங்காவோட சங்கரா கூடை இருந்துச்சு. அக்கா கூடைக்குப் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு, மேல இருந்து மங்காவைப் பாத்துக்கிட்டே உக்காந்துச்சு. கூடை தானா நகந்துடுச்சு. அன்னிக்கு அந்த உயரத்துல இருந்து அக்கா போட்ட சத்தத்துக்கு, வாசல்ல போறவங்க கூட உள்ள வந்து மீன் வாங்கிட்டுப் போனாங்க.

இப்ப அந்த செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஏட்டய்யா பஸ்ஸை நிறுத்தறார். முருகனைக் கூப்பிடாமயே படி ஏறறார். டிபன் கேரியரை எல்லாம் தாண்டி நேரா என்கிட்ட வந்து, "தம்பி, அந்த எண்ணெய் இருக்கா?"ன்னு காதுல கேக்கறார். அது வெறும் சலாத் எண்ணெய்னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். "போய்யா, குடுக்க மனசில்லன்னு சொல்லு"ங்கறார். முட்டி சரியாயிடுச்சாம். அவருக்கு நான் இப்ப பெரிய வைத்தியன்.

போன வாரம் மார்க்கெட்டுல அக்கா பக்கத்துல நின்னுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சேன். "அக்கா, நடந்தது தப்புதான். ஆனா அந்த கன்னாபிடியால் சமாச்சாரம் பொய்யில்லக்கா. நெசமாவே ஆராய்ச்சி நடக்குது. நாளைக்கு அது முட்டி வலிக்கு மருந்தா வந்தாலும் வரலாம்."

அக்கா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கிட்டே, நிமிந்து பாக்காம சொல்லுச்சு.

"வரட்டும்டா. வந்தா கோரிமேட்டுல குடுப்பாங்க. நீ எடுத்துக்கிட்டு வராத."